குழந்தைகள் மீட்ட தெரு!

நியூயார்க் "டைம்ஸ் சதுக்கம்" செத்துப் பிழைத்த கதை

அமெரிக்காவிலேயே பெரிய நகரம் நியூயார்க். அந்த நகரத்தின் நடுவே ஒரு தெரு இருக்கிறது. அதற்குப் பெயர் கிடையாது. நம்பர்தான் உண்டு. "42-வது தெரு" என்று சொல்வார்கள்.

50 ஆண்டுகளுக்கு முன்பு அந்தத் தெருவுக்குள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக எந்தத் தாயும் துணியமாட்டாள். பட்டப்பகலில் கத்தியைக் காட்டிப் பணம் பறிப்பார்கள். மூலைக்கு மூலை நின்று போதை மருந்து விற்பார்கள். படக்கொட்டகைகளில் ஆபாசப் படம் ஓடும்.

இன்று அதே தெருவில் தாய்மார்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். எதற்காக? நாடகம் பார்ப்பதற்காக! முன்பு ஆபாசப் படம் ஓடிய கொட்டகையே இன்று குழந்தைகளின் நாடக அரங்கு!

கெட்டுப்போன தெரு எப்படித் திருந்தியது? அது ஒரு சுவையான கதை.

உடுக்கை வடிவச் சதுக்கம்

42-வது தெருவும் "பிராட்வே" என்ற சாலையும் சந்திக்கும் இடத்துக்குத்தான் "டைம்ஸ் சதுக்கம்" என்று பெயர்.

பெயர் சதுக்கமே தவிர, இடம் சதுரமாக இராது. பிராட்வே சாலை கோணலாக வந்து 7-வது அவென்யூவை வெட்டுகிறது. அதனால் இரண்டு முக்கோணங்கள் முனையோடு முனை சேர்ந்து, உடுக்கை போன்ற வடிவம் உண்டாகிவிட்டது.

1904-ம் ஆண்டுக்கு முன்பு அங்கே குதிரை வண்டி செய்பவர்களும் குதிரை விற்பவர்களும் இருந்தார்கள். அப்போது அதன் பெயர் "லாங்கேக்கர் சதுக்கம்."

"நியூயார்க் டைம்ஸ்" என்ற பத்திரிகை அங்கே உயரமான கட்டிடம் ஒன்றைக் கட்டியது. 1904-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி, நகர மேயர் அந்த இடத்துக்கு "டைம்ஸ் சதுக்கம்" என்று புதுப்பெயர் சூட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் தரைக்கு அடியில் ஓடும் ரெயிலும் வந்தது. தொலைவில் இருப்பவரும் ரெயில் ஏறி அங்கே வந்து இறங்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. கூட்டம் பெருகியது.

நள்ளிரவில் இறங்கும் பந்து

1907-ம் ஆண்டு முடியும் இரவில் பத்திரிகைக் கட்டிடத்தின் உச்சியில் ஒரு வேடிக்கை நடந்தது. இரும்பாலும் மரத்தாலும் ஒரு பந்து செய்து, அதில் 100 மின்சார விளக்குகளைப் பொருத்தியிருந்தார்கள். அதன் எடை சுமார் 317 கிலோ. வெளிநாட்டில் இருந்து பிழைக்க வந்த ஜேக்கப் ஸ்டார் என்ற தொழிலாளிதான் அதைச் செய்தவர்.

நள்ளிரவு நெருங்கியதும் அந்தப் பந்து கொடிக்கம்பத்தில் கீழே இறங்கியது. பந்து இறங்கியதும் புத்தாண்டு பிறந்தது!

அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் நடக்கிறது. உலகப்போரின்போது 1942, 1943 ஆகிய இரண்டு ஆண்டுகள் மட்டும் பந்து இறங்கவில்லை. ஊரில் விளக்குகளை மங்கலாக வைக்கவேண்டும் என்று உத்தரவு இருந்ததே காரணம். அப்போதும் ஜனங்கள் கூடினார்கள். ஒரு நிமிடம் மவுனமாக நின்றார்கள். பிறகு மணி ஓசை கேட்டுக் கலைந்தார்கள்.

நாடகக்காரர்களின் சொர்க்கம்

ரெயிலுக்கு முன்பே நாடகம் வந்துவிட்டது. 1900-ம் ஆண்டில் ஆஸ்கார் ஹாமர்ஸ்டைன் என்பவர் 42-வது தெருவில் "ரிபப்ளிக்" என்ற அரங்கைக் கட்டினார். "சவுண்ட் ஆப் மியூசிக்" நாடகத்துக்குப் பாட்டு எழுதிய ஆஸ்கார் ஹாமர்ஸ்டைன் இவருடைய பேரன். தாத்தா பெயரே பேரனுக்கும்!

1903-ல் "நியூ ஆம்ஸ்டர்டாம்" அரங்கு திறக்கப்பட்டது. சுவரெல்லாம் பூவும் கொடியுமாகச் சித்திர வேலை செய்யப்பட்ட அரங்கு அது. அடுத்தடுத்துப் பல அரங்குகள் எழுந்தன. 1927-28-ல் ஒரே பருவத்தில் பிராட்வே வட்டாரத்தில் மேடை ஏறிய நாடகங்கள் 264!

வந்தது வினை

1927-ல் பேசும் படம் வந்தது. 1929-ல் பங்குச்சந்தை கவிழ்ந்தது. வேலை இல்லாமல் கஞ்சிக்குத் தவித்த ஜனங்களால் நாடகத்துக்குப் பணம் கொடுக்க முடியுமா?

அரங்குகள் ஒவ்வொன்றாகப் படக்கொட்டகைகள் ஆயின. "நியூ ஆம்ஸ்டர்டாம்" அரங்கிலும் 1937-ல் நாடகம் நின்று படம் ஓடத் தொடங்கியது.

போர் முடிந்தபின் வேறு ஒரு மாற்றம். வசதி உள்ள குடும்பங்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்குக் குடிபோயின. வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தது. குடும்பத்தோடு படம் பார்க்க வந்தவர்கள் குறைந்தார்கள்.

காலி நாற்காலிகளை நிரப்பக் கொட்டகைக்காரர்கள் குறுக்கு வழியில் இறங்கினார்கள். ஹாமர்ஸ்டைன் கட்டிய "ரிபப்ளிக்" அரங்கு 1942-ல் "விக்டரி" என்று பெயர் மாறிப் படக்கொட்டகை ஆயிற்று. 1972-ல் அது ஆபாசப் படக்கொட்டகையாகவே மாறியது. அந்தத் தெருவில் முதலில் அப்படி மாறிய கொட்டகை அதுதான்.

பெண்களும் குழந்தைகளும் வராத தெருவுக்கு வேறு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 7-வது அவென்யூவுக்கும் 8-வது அவென்யூவுக்கும் இடையே உள்ள அந்த ஒரு துண்டுத் தெருவில் மட்டும், 1984-ல் பதிவான குற்றங்கள் 2,300-க்கு மேல்!

விளக்கை அணைத்துப் போராட்டம்

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. கொட்டகைகளை எடுத்துக்கொண்டு, நான்கு பெரிய அலுவலகக் கோபுரங்களைக் கட்டத் திட்டம் போட்டார்கள். 1984-ல் நகரசபை அதற்கு அனுமதி கொடுத்தது. ஆனால் இடத்தின் சொந்தக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல. 40-க்கு மேற்பட்ட வழக்குகள்! வேலை நடக்கவில்லை.

ஊர் ஜனங்களும் எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை. 1982-ல் ஒரு பெரிய ஓட்டல் கட்டுவதற்காகப் பக்கத்தில் இருந்த பழைய அரங்குகளை இடித்தார்கள். அதைத் தடுக்கப் புகழ்பெற்ற நடிகர்களே தெருவில் இறங்கினார்கள். பலரைப் போலீசார் கைது செய்தார்கள். அரங்குகள் இடிந்தன. ஆனால் அந்தக் கூக்குரல் வீண்போகவில்லை. பிறகு பல பழைய அரங்குகளை இடிக்கக்கூடாத சின்னங்களாக அறிவித்தார்கள்.

1984-ல் இன்னொரு போராட்டம். டைம்ஸ் சதுக்கத்தின் விளம்பர விளக்குகளை எல்லாம் அரைமணி நேரம் அணைத்துவிட்டார்கள். ஒரே ஒரு பலகை மட்டும் எரிந்தது. "மேயர் அவர்களே, இங்கே இருட்டாக இருக்கிறது" என்ற கருத்தில் அதில் எழுதியிருந்தது. அலுவலகக் கோபுரங்கள் வந்தால் மாலை 6 மணிக்குப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இரவில் தெரு இருண்டுவிடும் என்பதை மேயருக்கு உணர்த்துவதற்காகச் செய்த வேலை அது.

பலன் கிடைத்தது. 1987-ல் ஒரு விசித்திரமான சட்டம் வந்தது. டைம்ஸ் சதுக்கத்தில் புதுக்கட்டிடம் கட்டுகிறவர்கள் கட்டிடத்தின் முகப்பில் பிரகாசமான விளக்கு விளம்பரம் வைத்தே ஆகவேண்டும்! மற்ற ஊர்களில் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு. இங்கே விளம்பரம் இல்லாவிட்டால் குற்றம்! இன்று கண்ணைக் கூசவைக்கும் அந்த ஒளி வெள்ளத்துக்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம்.

முதலில் யாருக்கு?

1990-ல் கோர்ட்டு வழக்குகளைத் தாண்டி, 42-வது தெருவின் கொட்டகைகளை அரசாங்கம் கையில் எடுத்தது. ஆனால் அதற்குள் அலுவலகக் கட்டிடங்களுக்குக் கிராக்கி இல்லாமல் போய்விட்டது. கோபுரத் திட்டம் தள்ளிப்போனது. கடைகள் காலியாகிக் கிடந்தன. பூட்டிய கொட்டகைகளின் பெயர்ப் பலகைகளில் 1994-ல் கவிஞர்களின் குட்டிக் கவிதைகளை எழுதிவைத்தார்கள்.

பழைய அரங்குகளைக் கவனிப்பதற்கென்று லாபநோக்கம் இல்லாத ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. அதன் தலைவியாகப் பொறுப்பேற்றவர் கோரா கஹான் என்ற அம்மையார்.

7 அரங்குகள் அந்தச் சங்கத்தின் கையில் இருந்தன. எதை முதலில் திறப்பது? பெரிய நடிகர்களைக் கூட்டிவந்து, பணக்காரர்களுக்கு நாடகம் போட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் எடுத்த முடிவு ஊரையே வியக்கவைத்தது. மிக மோசமான பெயர் எடுத்த "விக்டரி" கொட்டகையைத்தான் முதலில் பழுதுபார்த்தார்கள். அதையும் குழந்தைகளுக்காகத் திறந்தார்கள்!

1995 டிசம்பர் 11-ந் தேதி "நியூ விக்டரி" அரங்கு திறக்கப்பட்டது. தெருவை அகலப்படுத்தியபோது இடித்த பழைய வாசல் படிக்கட்டை மறுபடியும் கட்டியிருந்தார்கள். உள்ளே கூரையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் தேவதைக் குழந்தைகளின் சிலைகளுக்குப் புதுமெருகு ஏற்றியிருந்தார்கள். சுமார் 500 பேர் உட்காரலாம். பொம்மலாட்டம், சர்க்கஸ், நாடகம், நடனம் எல்லாம் நடக்கும். பள்ளிப் பிள்ளைகள் வாத்தியார்களோடு கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

பிள்ளைகள் வந்தால் பெற்றோர் வருவார்கள். பெற்றோர் வந்தால் ஓட்டல் திறக்கும், கடை திறக்கும், விளக்கு எரியும். விளக்கு எரிகிற இடத்தில் திருடனுக்கு என்ன வேலை?

காளான் முளைத்த அரங்கு

எதிர்ப்பக்கத்தில் இருந்த "நியூ ஆம்ஸ்டர்டாம்" அரங்கின் கதி பரிதாபமாக இருந்தது. கூரை ஒழுகி, உள்ளே மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பறவைகள் கூடுகட்டின. நாடகம் பார்த்து ஜனங்கள் கைதட்டிய இடத்தில் காளான் முளைத்திருந்தது!

மிக்கி எலியால் புகழ்பெற்ற "டிஸ்னி" கம்பெனியார் அதைப் புதுப்பிக்க முன்வந்தார்கள். நகரமும் மாநில அரசாங்கமும் குறைந்த வட்டியில் சுமார் 2 கோடியே 60 லட்சம் டாலர் கடன் கொடுத்தன. "நாங்கள் தனியாக வரமாட்டோம். இன்னும் இரண்டு நல்ல கம்பெனிகள் கூட வரவேண்டும்" என்று டிஸ்னியார் நிபந்தனை போட்டார்கள். மெழுகுச் சிலைக் காட்சி நடத்தும் "மேடம் டுசாட்ஸ்" கம்பெனியும் ஒரு சினிமா கம்பெனியும் சம்மதித்தன.

1997-ல் அரங்கு திறந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அங்கே மேடை ஏறிய "சிங்க ராஜா" நாடகம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பிறகு வேறு அரங்குக்கு மாறி, இன்றும் நடக்கிறது.

தேர் போல் நகர்ந்த கொட்டகை!

சினிமா கம்பெனி எடுத்த இடத்தில் ஒரு சிக்கல். அங்கே 1912-ல் கட்டிய "எம்பயர்" என்ற அரங்கு நின்றது. இடிக்க மனம் இல்லை. இருந்த இடத்தில் வைத்தால் புதுக்கட்டிடத்துக்கு இடம் இல்லை.

என்ன செய்தார்கள் தெரியுமா? அரங்கை அப்படியே பெயர்த்து, அடியில் தண்டவாளம் போட்டு, 1998 மார்ச் 1-ந் தேதி மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போனார்கள். எடை 3,700 டன். நகர்ந்த தூரம் சுமார் 170 அடி. நம் ஊரில் தேர் நகர்வதைப் பார்க்கக் கூடுவதுபோல் ஜனங்கள் கூடினார்கள். ஆபட், காஸ்டெல்லோ என்ற பழைய சிரிப்பு நடிகர்கள் இருவரின் உருவத்தில் பெரிய பலூன் பொம்மைகளைக் கட்டி, அவர்கள் வடம்பிடித்து இழுப்பதுபோல் வேடிக்கை காட்டினார்கள். அந்த அரங்கு இன்று 25 திரைகள் கொண்ட சினிமா மாளிகையின் முன்மண்டபம்!

எல்லாம் குழந்தைகளாலா?

குழந்தைகள் மட்டுமே தெருவை மீட்டார்கள் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். போலீஸ் பலம் கூடியது. 1990-க்குப் பிறகு நியூயார்க் நகரம் முழுவதிலுமே குற்றங்கள் குறைந்தன. கடைக்காரர்களும் கட்டிடச் சொந்தக்காரர்களும் 1992-ல் சங்கம் வைத்துக் காசு போட்டுத் தெருவைக் கூட்டினார்கள். காவலுக்கு ஆள் போட்டார்கள். வீடு, பள்ளி, கோவில் ஆகியவற்றுக்கு 500 அடிக்குள் ஆபாசக் கடை கூடாது என்று 1995-ல் சட்டம் வந்தது.

அதற்கும் முன்பே, 1977-ல் பக்கத்தில் 43-வது தெருவில் சுமார் 1,700 வீடுகள் கொண்ட பெரிய குடியிருப்பைப் பெரும்பாலும் மேடைக் கலைஞர்களுக்கென்று திறந்துவிட்டார்கள். அவரவர் வருமானத்துக்குத் தக்கபடி வாடகை. கெட்ட தெருவுக்குப் பக்கத்தில் துணிந்து குடிவந்த அந்தக் கலைஞர்களுக்கும் இந்தப் புண்ணியத்தில் பங்கு உண்டு.

நடுரோட்டில் நாற்காலி

2009 மே மாதம் மேயர் புளூம்பெர்க் காலத்தில் இன்னொரு புதுமை நடந்தது. டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே சாலையில் மோட்டார் வண்டிகளைத் தடுத்துவிட்டு, நடுரோட்டில் மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள். நடக்க இடம் இல்லாமல் நெரிந்த ஜனங்கள் நடுரோட்டில் காலை நீட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அந்த இடம் பிறகு கல் பாவிய நிரந்தர நடைமேடை ஆகிவிட்டது.

கூட்டம் இருந்தால் காவலும் இருக்கும் என்பதற்கு 2010-ல் ஒரு சாட்சி கிடைத்தது. மே மாதம் முதல் தேதி மாலையில், நின்றிருந்த ஒரு காரில் இருந்து புகை வந்தது. அதை முதலில் பார்த்துப் போலீசுக்குச் சொன்னவர்கள் யார்? நடைபாதையில் பனியன் விற்கும் வியாபாரிகள்! காரில் வெடிகுண்டு இருந்தது. ஜனங்களை விலக்கிவிட்டுக் குண்டைச் செயலற்றதாக்கினார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை.

போகிறவர்கள் என்ன பார்க்கலாம்?

இன்று டைம்ஸ் சதுக்கத்தைச் சுற்றிப் பார்க்கக் காசு வேண்டியதில்லை. தரையடி ரெயிலில் போய் "42-வது தெரு" நிலையத்தில் இறங்கிப் படி ஏறினால் போதும். நியூயார்க்கிலேயே அதிகக் கூட்டம் உள்ள நிலையம் அதுதான்.

47-வது தெருவுக்குப் பக்கத்தில் சிவப்புக் கண்ணாடிப் படிகள் 27 இருக்கின்றன. 2008-ல் கட்டியவை. யார் வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம். இரவு 11 மணி 57 நிமிடத்துக்கு விளம்பரத் திரைகளில் பல, விளம்பரத்தை நிறுத்திவிடுகின்றன. மூன்று நிமிடம் ஓவியர்களின் கலைக்காட்சி ஓடுகிறது. அதற்கும் கட்டணம் இல்லை.

அந்தப் படிகளுக்கு அடியில் ஒரு டிக்கெட் கடை. அன்றைய நாடகத்தில் விற்காமல் மீந்துபோன டிக்கெட்டுகளை அங்கே பாதி விலைவரை குறைத்துக் கொடுக்கிறார்கள். 1973 முதல் இந்த ஏற்பாடு உண்டு.

கரடி வேஷமும் சிலந்தி மனிதன் வேஷமும் போட்டவர்கள் வலிய வந்து குழந்தைகளைக் கட்டிக்கொள்வார்கள். போட்டோ எடுத்ததும் காசு கேட்பார்கள்! தொல்லை அதிகமானதால், 2016-ல் தரையில் கட்டம் போட்டு, அதற்குள் நின்றுதான் காசு வாங்கவேண்டும் என்று நகரசபை உத்தரவு போட்டது.

தமிழருக்கும் அங்கே ஒரு நினைவு உண்டு. சென்னையில் பிறந்த ஏ.ஆர்.ரகுமான் இசை அமைத்த "பாம்பே டிரீம்ஸ்" நாடகம், 2004-ல் "பிராட்வே" என்ற பெயர் கொண்ட அரங்கிலேயே மேடை ஏறியது.

2020 மார்ச் 12-ந் தேதி கொரோனா நோயால் எல்லா அரங்குகளும் மூடப்பட்டன. சுமார் 18 மாதம் மேடைகள் இருண்டு கிடந்தன. 2021 செப்டம்பரில் பெரிய நாடகங்கள் திரும்பி வந்தன. ஜனங்களும் திரும்பி வந்தார்கள்.

கண்ணீரும் உண்டு

எல்லோருக்கும் சந்தோஷமா? இல்லை. பழைய தெருவில் சில்லறைக் காசு இருந்தால் ஒரு ஏழை இரண்டு படம் பார்க்கலாம். மழைக்கு ஒதுங்கலாம். இன்று நல்ல நாடகத்துக்கு ஒரு டிக்கெட் 100 டாலருக்கு மேல் போகிறது. வாடகை ஏறியதால் சின்னக் கடைகள் போய்விட்டன. எந்த ஊரிலும் காணும் பெரிய கம்பெனிக் கடைகள்தான் இப்போது வரிசையாக நிற்கின்றன. "தெரு சுத்தமானது, ஆனால் எங்களுக்கு இடம் இல்லை" என்பது பழைய ஆட்களின் குறை. அது நியாயமான குறைதான்.

சூதாட்டம் வேண்டாம்!

அண்மையில் ஒரு சோதனை வந்தது. "சிங்க ராஜா" நாடகம் நடக்கும் அரங்கு ஓர் உயரமான கட்டிடத்தில் இருக்கிறது. அதே கட்டிடத்தில் பெரிய சூதாட்ட மாளிகை அமைக்கத் திட்டம் போட்டார்கள். பணம் கொட்டும், வேலை கிடைக்கும் என்று ஆசை காட்டினார்கள்.

நாடகக் கொட்டகைக்காரர்கள் எதிர்த்தார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களும் எதிர்த்தார்கள். 2025 செப்டம்பரில் திட்டத்தை ஆராய்ந்த உள்ளூர்க் குழு, பெரும்பான்மை ஓட்டால் அதைத் தள்ளிவிட்டது!

காசுக்கு ஆசைப்பட்டுக் குடும்பங்களை இழந்த தெரு அது. அவர்களைத் திரும்ப அழைத்துவர 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பட்ட பாட்டை ஊரார் மறக்கவில்லை.

"நியூ விக்டரி" அரங்கின் வாசலில் இன்றும் பள்ளிக்கூட வண்டிகள் வந்து நிற்கின்றன. பிள்ளைகள் குதித்து இறங்கிப் படி ஏறுகிறார்கள். ஒரு காலத்தில் அந்த வாசல் வழியாகப் போகவே பெரியவர்கள் பயந்தார்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது!